இலையில் வெள்ளி ஏது?

இலை என்ன நிறம் என்று கேட்டால் பால்வாடிப் பிள்ளைகூடப் பச்சை என்று சொல்லிவிடும். அப்படியானால், இங்கிலாந்தின் வீட்டுத் தோட்டங்களில் நடைபாதையின் இரு ஓரங்களிலும் வெள்ளிச் சரிகை பிடித்தாற்போல் படர்ந்து கிடக்கும் ஒரு செடியை என்னவென்று சொல்வது? அதன் இலையைப் பச்சை என்றும் சொல்ல முடியாது, வெள்ளை என்றும் சொல்ல முடியாது. பழைய வெள்ளிக் கிண்ணத்தின் நிறம் அது. விரலால் தடவினால் ஆட்டுக்குட்டியின் காதைத் தடவுவது போலவே இருக்கும். ஆங்கிலேயர் அதற்கு வைத்திருக்கும் பெயரும் ஆட்டுக்குட்டிக் காது என்பதுதான். நாம் ஆட்டுக்காதுச் செடி என்று வைத்துக்கொள்வோம்.

தாவரவியலார் இதனை ஸ்டாக்கிஸ் பைசாண்டினா என்பர். பைசாண்டியம் என்பது இன்றைய இஸ்தான்புல் நகரின் பழம் பெயர். துருக்கி, காக்கசஸ், ஈரான் ஆகிய நாட்டுப் பகுதிகளின் கல் நிறைந்த வறண்ட சரிவுகளே இச்செடியின் தாயகம். ஆனால் இது நமக்கு முற்றிலும் அந்நியமன்று. துளசி, தும்பை, கற்பூரவள்ளி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தண்டை இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் துளசித் தண்டைப் போலவே நான்கு பட்டைகள் தட்டுப்படும்.

ஒருமுறை நட்டால் பல்லாண்டு வாழும். குளிர்காலத்திலும் இலைகளை முற்றிலும் உதிர்த்துவிடாது. சுழிக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் குளிரையும் தாங்கும். வாரக்கணக்கில் மழை இல்லாவிட்டாலும் கவலைப்படாது. இவ்வளவு கடினமான செடி எதற்கு அஞ்சுகிறது தெரியுமா? பூவாளிக்கு! காலையும் மாலையும் அன்போடு தலையில் தண்ணீர் தெளித்து வளர்ப்பவரின் தோட்டத்தில்தான் இது அழுகிச் சாகிறது. பட்டினி போட்டவரின் தோட்டத்தில் செழிக்கிறது. இந்த விந்தைக்கு விடை, இலைக்கு வெள்ளி நிறம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில் இருக்கிறது. ஆகவே அங்கிருந்து தொடங்குவோம். இயற்பியல் ஆசிரியனுக்குத் தோட்டத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கும் அதில் பதில் உண்டு.

ஒரு சொட்டு எண்ணெய் போதும்

முதலில் ஒரு சோதனை. ஆட்டுக்காதுச் செடி உங்களிடம் இல்லாவிட்டால் பரவாயில்லை. தெருவோரத்து எருக்கஞ்செடியின் இளந்தளிர் ஒன்று போதும். எருக்கின் இளம் இலைகளில் மாவு தூவியது போன்ற வெண்பூச்சு இருப்பதைக் கண்டிருப்பீர்கள். பறிக்கும்போது கவனம் தேவை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. சோதனை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அந்த வெண்மையின் மீது ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயை வைத்து விரலால் மெல்ல அழுத்துங்கள். தேய்க்க வேண்டாம். எண்ணெய் பரவிய இடத்தில் வெண்மை மங்கி, அடியிலுள்ள பச்சை தெரியத் தொடங்கும். ஆட்டுக்காது இலையில் இதைச் செய்தால் மாற்றம் இன்னும் தெளிவாக இருக்கும். வெள்ளி இலை உங்கள் கண்முன்னே பச்சை இலையாகிவிடும்!

இலையில் வெள்ளிச் சாயம் இருந்திருந்தால் எண்ணெய் பட்டதும் எங்கே போயிற்று? சாயம் எதுவும் அங்கே இல்லை. இலையின் மேல்தோலில் ஆயிரக்கணக்கான நுண்மயிர்கள் பஞ்சு போல் அடர்ந்து பின்னிக்கிடக்கின்றன. முதிர்ந்த மயிர்களுக்குள் உயிர்ச்சாறு வற்றிக் காற்று நிறைந்திருக்கும்; மயிர்களுக்கு இடையிலும் காற்றே. ஒவ்வொரு மயிரும் தனியே கண்ணாடி இழையைப் போல் ஒளி ஊடுருவக் கூடியது. ஆனால் ஒளி, காற்றிலிருந்து இழைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும், இழையிலிருந்து காற்றுக்கு வெளியேறும் ஒவ்வொரு முறையும், அதில் ஒரு சிறு பங்கு திரும்பிவிடுகிறது.

எவ்வளவு சிறு பங்கு? மேல்நிலைப்பள்ளிக் கணக்குதான். இழைச்சுவரின் ஒளிவிலகல் எண்ணை ஏறத்தாழ 1.45 என்று கொள்வோம். நேராக விழும் ஒளியில் திரும்பும் பங்கு, 0.45 ஐ 2.45 ஆல் வகுத்து வரும் எண்ணின் வருக்கம். அதாவது நூற்றுக்கு 3½ பங்குகூட இல்லை. இது அற்பம்தான். ஆனால் பத்து இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் ஒளி கடக்க வேண்டிய பரப்புகள் இருபது. அதற்குள் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் வந்த வழியே திரும்பிவிடும். இழைகள் தாறுமாறாகக் கிடப்பதால் எல்லாத் திசைகளிலும் சிதறும். எல்லா நிறமும் ஒன்றுபோல் சிதறினால் நம் கண்ணுக்கு அது வெண்மை. பஞ்சு, சோப்பு நுரை, பொடித்த கண்ணாடி, பஞ்சாரைச் சீனி எல்லாம் வெண்மையாகத் தோன்றுவது இதனால்தான். அடியில் உள்ள பச்சை சிறிது கசிந்து வந்து இந்த வெண்மையோடு கலப்பதால் நமக்கு வெள்ளி போல் தோன்றுகிறது.

தேங்காயெண்ணெயின் ஒளிவிலகல் எண்ணும் ஏறத்தாழ 1.45. காற்று இருந்த இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டதும் ஒளிக்கு இழை எது, எண்ணெய் எது என்ற வேறுபாடே தெரிவதில்லை. திரும்பாமல் நேரே உள்ளே போய்விடுகிறது. தண்ணீரின் எண் 1.33. தண்ணீரில் நனைந்த இழையின் ஒரு பரப்பில் திரும்பும் ஒளி ஆயிரத்துக்கு இரண்டு பங்கு அளவே. நனைந்த வெள்ளை வேட்டியில் உடம்பு தெரிவதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே இலையில் இருக்கும் வெள்ளி, உண்மையில் சிறைப்பட்ட காற்று. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செடி வளர்க்கும் முறை முழுவதும் இதிலிருந்து பிறக்கும்.

(எல்லா வெள்ளி இலைகளும் மயிரால் ஆனவை என்று எண்ணிவிட வேண்டாம். நீலகிரித் தைலமரத்தின் இளங்கன்றில் இலைகள் வெளிர்நீலச் சாம்பலாக இருப்பது மெழுகுப் பூச்சினால். விரலால் துடைத்தால் வந்துவிடும்.)

குடை பிடிக்கும் செடி

ஒளியை உண்டு வாழும் செடி, வரும் ஒளியை ஏன் திருப்பி அனுப்ப வேண்டும்? கஞ்சிக்கு வழியில்லாதவன் விருந்தை மறுப்பது போலல்லவா இருக்கிறது!

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறத்தாழ 1000 வாட் ஆற்றல் விழுகிறது. இலை அதில் பெரும் பகுதியை உறிஞ்சினால் சூடேறும். சூட்டைத் தணிக்க இலை கையாளும் முக்கிய வழி நீராவிப்போக்கு. நமக்கு வியர்ப்பது போல. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2400 ஜூல் வெப்பம் வேண்டும். இப்போது கணக்கிடுங்கள். நுண்மயிர்ப் போர்வை, சதுர மீட்டருக்கு 100 வாட் அளவுக்கு மட்டும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று கொள்வோம். அந்த வெப்பத்தை ஆவியாக்கியே வெளியேற்ற வேண்டியிருந்தால் மணிக்கு 150 கிராம் தண்ணீர் செலவாகியிருக்கும். அது மிச்சம். ஒரு சதுர மீட்டர் இலைக்கு ஒரு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர்! துருக்கிச் சரிவில் கோடை முழுவதும் மழை இல்லாத செடிக்கு இது சிறிய சேமிப்பா?

இதனை நேரில் அளந்து பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்கப் பாலைவனத்தில் என்சிலியா என்ற வெள்ளியிலைப் புதர் ஒன்று இருக்கிறது. அதன் நெருங்கிய உறவுச் செடி ஒன்று ஈரமான கலிபோர்னியக் கடற்கரையில் வளர்கிறது. அதற்கு மயிர் இல்லை, பச்சை இலை. எலரிங்கர், பியோர்க்மன், மூனி என்ற மூவர் 1976 ஆம் ஆண்டில் இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியைப் பாலைவனச் செடியின் மயிர், கடற்கரைச் செடியைக் காட்டிலும் 56 விழுக்காடு வரை குறைவாக உறிஞ்சச் செய்வதைக் கண்டனர். பருவம் முதிர்ந்து வறட்சி ஏற ஏற, புதிதாக வரும் இலைகளில் மயிரும் அடர்த்தியாகிறது. ஆனால் இதற்கு விலை உண்டு. ஒளி குறைந்தால் உணவு உற்பத்தியும் குறைகிறது. வயிற்றைக் குறைத்துத் தாகத்தைத் தணித்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

பல பாடநூல்கள், இலைமயிர் காற்றை அசையாமல் பிடித்துவைத்து ஆவியைத் தடுக்கிறது என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகின்றன. அது பொய் அன்று. ஆனால் என்சிலியாவில் அளந்து பார்த்தபோது அப்பயன் சிறிதே என்றும், ஒளியைத் திருப்புவதே மயிரின் தலையாய வேலை என்றும் தெரிந்தது. போர்வை என்பதைவிடக் குடை என்பதே அதற்குப் பொருத்தமான பெயர்.

இதிலிருந்து தோட்டக்காரருக்கு முதல் விதி கிடைக்கிறது. ஆட்டுக்காதுச் செடியை நல்ல வெயிலில் நடுங்கள். நிழலில் நட்டால் குடைக்கு வேலை இல்லை. மயிர் குறைந்து இலை பச்சையேறி, தண்டு நீண்டு, செடி ஒழுங்கற்றுப் போகும். நீங்கள் ஆசைப்பட்ட வெள்ளி உங்களுக்குக் கிடைக்காது.

பூவாளி ஏன் பகை?

மயிர்களுக்கிடையே உள்ள இடைவெளிகள் மிக நுண்ணியவை. முதலில் விழும் துளிகள் முத்துப் போல் மேலேயே நிற்கும். மயிர்நுனிகளும் அவற்றுக்கிடையே உள்ள காற்றும் தண்ணீரைத் தாங்கி நிற்கின்றன. ஆனால் அடுத்தடுத்துத் தெளிக்கும்போது எங்கேனும் ஓரிடத்தில் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். புகுந்ததும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல நுண்புழைக் கவர்ச்சியால் பரவிவிடும். பின்னர் எளிதில் வெளியேறாது. மொட்டையான பச்சை இலை, காற்றடித்தால் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். கம்பளி இலையோ கம்பளியைப் போலவே மணிக்கணக்கில் ஈரமாகக் கிடக்கும். இரவில் காற்றும் அசையாமல் ஈரப்பதமும் மிகுந்தால் பூஞ்சைகளுக்குக் கொண்டாட்டம். தரையை ஒட்டிய இலைகள் பழுப்பேறிக் குழைந்து, அழுகல் நடுக்குருத்து வரை பரவும். வாடிவிட்டதே என்று எண்ணி நாம் மேலும் தண்ணீர் ஊற்றுவோம். கதை முடிந்தது.

எனவே தண்ணீர் வேரடியில் மட்டும், அதுவும் காலையில், அதுவும் மண் விரல்கணு ஆழத்துக்குக் காய்ந்த பிறகு. புதிதாக நட்ட செடிக்கு மட்டும் முதல் சில வாரங்கள் சற்றுக் கூடுதல் கவனிப்பு வேண்டும். தொழு உரத்தை அள்ளிக் கொட்ட வேண்டாம். சத்து மிகுந்தால் மெல்லிய பெரிய இலைகள் நெருக்கமாக வந்து, ஈரத்தை இன்னும் பிடித்துவைக்கும்.

மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மண்துகள்களுக்கு இடையிலுள்ள துளையின் ஆரம் 1 மில்லிமீட்டர் ஆனால், நுண்புழைக் கவர்ச்சி தண்ணீரைத் தூக்கி நிறுத்தக்கூடிய உயரம் 1½ சென்டிமீட்டர்தான். ஆரம் அதில் நூறில் ஒரு பங்கானால் உயரம் நூறு மடங்காகி, ஒன்றரை மீட்டர் ஆகிவிடும். களிமண் ஈரத்தை விடாமல் பிடித்திருப்பதும், பருமணலில் ஊற்றிய நீர் உடனே இறங்கிவிடுவதும் இதனால்தான். ஆட்டுக்காதுக்கு வேண்டியது இரண்டாவது வகை. தோட்டமண்ணோடு சம அளவுக்குப் பருமணலும் பொடிச்சரளையும் கலந்துகொள்ளுங்கள். பாத்தியைத் தரைமட்டத்திலிருந்து ஒரு சாண் உயர்த்துங்கள். இலைகளுக்கும் மண்ணுக்கும் இடையே விரற்கடை கனத்துக்குச் சரளையைப் பரப்புங்கள். இலை ஈரமண்ணில் படாது; மழைத்துளி சேற்றை வாரி இலைமீது அடிக்காது.

தொட்டியில் வளர்ப்போர் வழக்கமாகச் செய்யும் ஒன்றை இங்கே மறுத்துச் சொல்லியாக வேண்டும். தொட்டியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு ஓட்டாஞ்சில்லும் கல்லும் நிரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. மேலே உள்ள மண்ணின் நுண்துளைகள் பிடித்திருக்கும் தண்ணீரைக் கீழே உள்ள கல்லின் பெரிய இடைவெளிகள் இழுக்க முடியாது. ஆகவே மண்ணின் அடிப்பகுதி முற்றிலும் நிறைந்து சொட்டும் வரை தண்ணீர் கல்லுக்குள் இறங்காது. எந்தத் தொட்டியிலும் மண்ணின் அடியில் ஒரு சதுப்பு அடுக்கு இருக்கவே செய்யும். கல்லை நிரப்புவதால் அந்த அடுக்கு மறைவதில்லை, வேருக்கு இன்னும் அருகில் உயர்ந்துவிடுகிறது.

நம்பிக்கை வரவில்லையா? பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்துத் தண்ணீரில் நன்றாக ஊறவிடுங்கள். படுக்கை வாக்கில் பிடித்து, சொட்டுவது நிற்கும் வரை காத்திருங்கள். இப்போது பிழியாமல், அதே ஸ்பாஞ்சை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மீண்டும் சொட்டத் தொடங்கும்! உயரம் கூடியதும் புவியீர்ப்பு, நுண்புழைக் கவர்ச்சியைச் சற்று வென்றுவிட்டது. ஆகவே உயரமான தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். மணலையும் சரளையையும் மண் முழுவதும் கலந்து நிரப்புங்கள். மண் ஒழுகாமலிருக்கத் துளையின் மேல் ஒரே ஒரு சில்லு போதும். நான் வகுப்பில் பரப்பு இழுவிசை நடத்தும்போது இந்த ஸ்பாஞ்சுச் சோதனையைச் செய்து காட்டுவதுண்டு. மாணவர்களைவிட அவர்கள் வீட்டுப் பெரியவர்களே அதிகம் வியப்பதாகக் கேள்வி.

பூவும் தேனீயும்

செடிகளை ஒரு முழத்துக்கும் குறைவான இடைவெளியில், அதாவது 30 சென்டிமீட்டர் விட்டு நட்டால், ஓரிரு ஆண்டுகளில் பாய் விரித்தாற்போல் மூடிக்கொள்ளும். இங்கிலாந்தில் கோடையில் முழ உயரக் கதிர்கள் எழும்பி இளஞ்சிவப்பு கலந்த ஊதாப் பூக்கள் பூக்கும். சிலர் பூவை விரும்பாமல் கதிரை நறுக்கிவிடுவார்கள்; இலைப்பாய் ஒழுங்காக இருக்கும் என்பது அவர்கள் கட்சி. பூக்காத வகையே ஒன்று உண்டு. வெள்ளிக் கம்பளம் என்று பொருள்படும் பெயரில் அதனை விற்கிறார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் பாயின் நடுப்பகுதி வழுக்கை விழும். அப்போது செடியைப் பெயர்த்தெடுத்து, ஓரங்களில் வேர்விட்ட துண்டுகளைப் பிரித்து நட்டுவிட்டு, நடுக்கிழத்தை எறிந்துவிட வேண்டும். இனப்பெருக்கத்துக்கும் இதுவே எளிய வழி.

பூக்கதிரை நறுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. காரணம் ஒரு தேனீ. ஐரோப்பாவில் கம்பளித் தேனீ என்று ஒன்று இருக்கிறது. கூட்டமாக வாழாத இனம். பெண் தேனீ இந்தச் செடியின் இலையிலும் தண்டிலும் உட்கார்ந்து, தன் தாடைகளால் மயிரை மழித்தெடுத்து, உருண்டையாகத் திரட்டி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு பறக்கும். மரத்துளை, சுவர்ப்பொந்து போன்ற இடங்களில் அந்தப் பஞ்சைக் கொண்டு தொட்டில் கட்டி முட்டையிடும். ஆண் தேனீயோ பூக்கதிர்களைச் சுற்றிக் காவல் காக்கும். தேனுக்கு வரும் பிற தேனீக்களை விரட்டியடிக்கும். செடி வெயிலுக்குப் பிடித்த குடையைப் பிரித்து, ஒரு பூச்சி தன் பிள்ளைக்குப் படுக்கை தைக்கிறது!

தண்ணீர் ஊற்றாத தோட்டம்

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் மாவட்டம் அந்நாட்டின் வறண்ட பகுதிகளில் ஒன்று. ஆண்டு மழை ஏறத்தாழ 500 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. அங்கே பெத் சாட்டோ என்ற அம்மையார், தம் தோட்டத்துக்கு வரும் பார்வையாளர்கள் கார் நிறுத்தி வந்த சரளைத் திடலை 1990-களின் தொடக்கத்தில் தோட்டமாக்கினார். ஒரு நிபந்தனை விதித்துக்கொண்டார்: செடிகள் வேரூன்றிய பிறகு எவ்வளவு வெயில் அடித்தாலும் குழாய்த் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. பிழைப்பவை பிழைக்கட்டும் என்று விட்டுவிட்டார். வெள்ளி இலைச் செடிகள் பிழைத்தன. 2018 ஆம் ஆண்டு அவர் மறைந்த பிறகும் அத்தோட்டம் தொடர்கிறது. செடிக்கேற்ற இடத்தைத் தேடு, இடத்தைச் செடிக்காக வளைக்காதே என்பது அவருடைய கொள்கை.

அந்தக் கொள்கைப்படி பார்த்தால், சென்னையிலோ தஞ்சையிலோ ஆட்டுக்காதுச் செடியை வளர்க்க முயல வேண்டாம் என்றே சொல்வேன். நம் சமவெளியில் வெயில் இருக்கிறது. ஆனால் கடற்காற்றின் ஈரமும், வெப்பம் தணியாத இரவும், ஐப்பசி கார்த்திகை அடைமழையும் சேர்ந்து கம்பளியை உலரவே விடமாட்டா. உதகை, கொடைக்கானல், குன்னூர் போன்ற மலைநகர வாசகர்கள் முயன்று பார்க்கலாம். அங்கே குளிர் ஒரு பொருட்டல்ல, மழைதான் பகை. ஆகவே தரையில் நடாமல், முன்சொன்ன உயரமான தொட்டியில் நடுங்கள். மழை ஓய்ந்த தை மாதம் ஏற்ற காலம். வைகாசி இறுதியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் தொட்டியைத் தாழ்வாரத்தில், வெளிச்சமும் காற்றும் வருமாறு, சாரல் படாமல் வைத்துவிடுங்கள். பழுப்பேறிய அடியிலைகளை அவ்வப்போது கிள்ளி எடுங்கள். இலையில் எங்கேனும் பச்சைத் திட்டு தெரிந்தால் தொட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அங்கே காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துவிட்டது என்று பொருள். அன்று பூவாளியைத் தொடாதீர்கள்.